கிட்டங்கி: ஒரு சொல்லின் வரலாறு

கிட்டங்கி என்பது வணிகச் சரக்குகளை மொத்தமாகச் சேமித்து வைக்கும் பெரிய கட்டடத்தைக் குறிக்கும் சொல். விருதுநகர், சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, மதுரை, தூத்துக்குடி ஆகிய ஊர்களின் வணிகர் வழக்கில் இச்சொல் இன்றும் உள்ளது. கிடங்கு என்பது இதன் மற்றொரு வடிவம். அரசு ஆவணங்களில் இது சேமிப்புக் கிடங்கு எனவும், அன்றாடப் பேச்சில் குடோன் எனவும், இலங்கைத் தமிழில் குதம் எனவும் வழங்குகிறது. இந்தச் சொற்கள் அனைத்தும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை எனக் கருதப்படுகின்றன.

சிவகாசியின் பட்டாசுத் தொழிலில், வெடிபொருள் சேமிக்கும் கட்டடத்துக்கு மேகசின் என்ற வேறொரு சொல்லும் உண்டு. அது அரபு மொழியில் தோன்றி ஐரோப்பா வழியாகத் தமிழகம் வந்தது. கிட்டங்கியும் மேகசினும் பொதுப்பொருளில் சேமிப்பிடத்தையே குறித்தாலும், சிவகாசியில் அவை ஒன்றல்ல. எது வெறும் குடோன், எது மேகசின் என்பது அங்கே சட்டமும் உயிர்ப் பாதுகாப்பும் சார்ந்த வேறுபாடாகும்.

சொற்பொருளும் வேரும்

கிட என்ற வினையடியிலிருந்து கிடங்கு பிறந்தது. கிடக்கை, கிடை ஆகியவை இதே அடியிலிருந்து வந்தவை. கரிசல் நிலத்தில் ஆட்டுமந்தையை இரவில் தங்கவைக்கும் இடம் கிடை எனப்படுகிறது. பொருள்கள் கிடக்கும் இடம் கிடங்கு என்பது நேரான விளக்கம்.

ஆனால் பழந்தமிழ் இலக்கியத்தில் கிடங்கு என்பதற்குச் சேமிப்பிடம் என்ற பொருள் முதன்மையானதல்ல. கோட்டையைச் சுற்றி வெட்டப்பட்ட அகழியையே அச்சொல் குறித்தது. ஓய்மா நாட்டின் கோட்டை நகரான கிடங்கில் இப்பெயரோடு தொடர்புடையது. சிறுபாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவனான நல்லியக்கோடனின் ஊர் அது. இன்று திண்டிவனம் நகரின் ஒரு பகுதியாக உள்ளது. கிடங்கில் என்ற ஊர்ப்பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட சங்கப் புலவர்களும் உண்டு. மலையாளத்தில் கிடங்கு என்பதன் இணைச்சொல் இன்றும் அகழி, பள்ளம் என்ற பழைய பொருளிலேயே வழங்குகிறது.

அகழியைக் குறித்த சொல் எவ்வாறு சரக்கறையைக் குறித்தது என்பதற்குப் பள்ளம் என்ற இடைநிலைப் பொருள் துணைசெய்கிறது. தென்னிந்தியாவின் மேட்டுநிலங்களில் கேழ்வரகு முதலிய தானியங்களை நிலத்தடிக் குழிகளில் இட்டு மூடிச் சேமிக்கும் வழக்கம் இருந்தது. காற்றுப் புகாத குழியில் தானியம் பூச்சியின்றிப் பல ஆண்டுகள் தங்கும். தோண்டப்பட்ட பள்ளம், பொருள் சேமிக்கும் பள்ளம், பொருள் சேமிக்கும் அறை என்ற வரிசையில் பொருள் விரிந்திருக்கலாம். நிலத்தடி அறையைப் பாதாளக் கிடங்கு என்று சொல்லும் வழக்கு இந்த வரிசைக்குப் பொருந்துகிறது.

டகரம் இரட்டித்த கிட்டங்கி என்ற வடிவம் தெலுங்கிலும் சேமிப்பிடத்தைக் குறிக்கிறது. நாயக்கர் ஆட்சிக் காலம் முதலாகத் தமிழும் தெலுங்கும் அருகருகே பேசப்பட்டுவரும் மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிப் பகுதிகளில் கிடங்கு, கிட்டங்கி ஆகிய இரு வடிவங்களும் வேரூன்றியது இயல்பே. இரண்டுக்கும் இடையே நாளடைவில் ஒரு வேறுபாடும் ஏற்பட்டது. கிடங்கு பொதுச்சொல்லாக நின்றது. கிட்டங்கி வணிகர்களின் தொழிற்சொல்லானது.

சேமிப்பிடத்துக்கான பிற சொற்கள்

தமிழில் சேமிப்பிடத்துக்குப் பல பெயர்கள் உள்ளன. வீட்டளவில் குதிர், பத்தாயம் ஆகியவை தானியம் வைப்பதற்கானவை. பெரிய அளவில் களஞ்சியம், கொட்டாரம், பண்டகசாலை ஆகியவை வழங்கின.

களஞ்சியம் என்பது நெல் முதலிய தானியங்களின் பெருஞ்சேமிப்பிடம். பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. கொட்டாரம் என்பது கோஷ்டாகாரம் என்ற வடசொல்லின் திரிபு. கோரக்பூர் அருகே சோகௌராவில் கிடைத்த, கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டியதாகக் கருதப்படும் செப்புப் பட்டயம், நெருக்கடிக் காலத்துக்கான இரண்டு கோட்டாகாரங்களைப் பற்றிப் பேசுகிறது. பஞ்சத்தை எதிர்கொள்ளும் பொதுச் சேமிப்பிடம் பற்றிய இந்தியாவின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் அது ஒன்று. மலையாளத்தில் கொட்டாரம் என்பது அரண்மனையைக் குறிக்கும் சொல்லாயிற்று.

பண்டகசாலை என்பது பாண்டம் என்ற வடசொல்லின் வழிவந்தது. சோழர் கல்வெட்டுகளில் கோயிலின் கருவூலம் ஸ்ரீபண்டாரம் எனப்படுகிறது. 20ஆம் நூற்றாண்டில் கூட்டுறவு இயக்கம் இச்சொல்லை எடுத்துக்கொண்டது. 1904இல் சென்னை திருவல்லிக்கேணியில் தொடங்கப்பட்ட நகரக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடர்ந்து பல ஊர்களில் தோன்றிய கூட்டுறவுப் பண்டகசாலைகள், சரக்கைச் சேமிப்பதோடு சில்லறையாக விற்கவும் செய்தன. சேமிக்கும் இடத்தின் பெயர் விற்கும் இடத்துக்கு மாறியது இவ்வாறே.

கடல் கடந்த கிடங்கு

15ஆம் நூற்றாண்டில் மலாக்கா தென்கிழக்காசியாவின் முதன்மைத் துறைமுகமாக இருந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ், தெலுங்கு வணிகர்கள் அங்கே கிளிங்கர் எனப்பட்டனர். 1511இல் போர்ச்சுகீசியர் மலாக்காவைக் கைப்பற்றியபின், நைனா சட்டு என்ற வணிகர் பெண்டகாரா என்னும் உயர் பதவியைப் பெறும் அளவுக்கு அவர்களின் செல்வாக்கு இருந்தது. இந்த வணிகர்களோடு கிடங்கு என்ற சொல்லும் சென்று மலாய் மொழியில் கூடாங் ஆனது என்பது பெரும்பாலோர் ஏற்கும் கருத்து.

மலாயிலிருந்து போர்ச்சுகீசியர் இச்சொல்லைக் குடாவ் என எடுத்துக்கொண்டனர். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் பெற்று கோடவுன் என்றனர். சரக்குகள் கீழே இறங்கும் இடம் என்பதால் இப்பெயர் வந்தது என ஆங்கிலச் சொற்களைக் கொண்டு விளக்கம் சொல்வதுண்டு. அது ஒலி ஒப்புமையால் பின்னர் எழுந்த விளக்கம். ஹென்றி யூலும் ஏ. சி. பர்னலும் தொகுத்து 1886இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, மலாய்ச் சொல்லுக்குப் பின்னால் தமிழ்க் கிடங்கும் தெலுங்குக் கிட்டங்கியும் இருப்பதைச் சுட்டுகிறது. பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாகப் பணியாற்றியவர், தென்னிந்திய மொழிகளை நன்கு அறிந்தவர்.

அக்காலக் கிடங்கின் முதன்மைப் பயன் தீயிலிருந்து சரக்கைக் காப்பது. தென்கிழக்காசியத் துறைமுகங்களில் வீடுகள் மூங்கிலாலும் ஓலையாலும் ஆனவை. ஒரு வீட்டில் பற்றிய தீ தெருவையே அழிக்கும். எனவே வணிகர்கள் கல்லாலோ செங்கல்லாலோ தனிக் கட்டடம் எழுப்பிச் சரக்கை அதில் வைத்தனர். 1560களின் இறுதியில் பர்மாவின் பேகு நகருக்குச் சென்ற வெனிஸ் வணிகர் செசாரே ஃபெதெரிச்சி இதைப் பதிவு செய்திருக்கிறார். செங்கல்லால் கட்டப்பட்ட அந்தச் சரக்கறையைத் தம் நாட்டுச் சொல்லால் மேகசின் வகைப்பட்டது என்று விளக்கி, உள்ளூரில் அதற்குக் கோடோன் என்று பெயர் என்கிறார். பிற்காலத்தில் சிவகாசியில் அருகருகே வழங்கப்போகும் இரண்டு சொற்களும் ஒரே குறிப்பில் சந்தித்த பழைய இடம் இது.

ஆங்கிலேய வணிகத்தோடு இச்சொல் கிழக்கே மேலும் பரவியது. 1886இல் நிறுவப்பட்ட ஹாங்காங்-கௌலூன் துறைமேடை நிறுவனத்தின் பெயரிலேயே கோடவுன் என்ற சொல் இருந்தது. இந்தோனேசிய மொழியில் கூடாங் இன்றும் அன்றாடச் சொல். 1958இல் கெடிரி நகரில் தொடங்கப்பட்ட புகழ்பெற்ற கிராம்புச் சிகரெட் நிறுவனமான கூடாங் காரம் என்பதன் பொருள் உப்புக் கிடங்கு. இந்தியில் இச்சொல் கோதாம் ஆனது.

சுற்றிவந்த சொல் தமிழுக்கே திரும்பியது. தமிழ்நாட்டில் அது குடோன் ஆனது. இலங்கைத் தமிழில் குதம் ஆனது. பிரித்தானியர் திருகோணமலையில் அமைத்த பெரிய எண்ணெய்த் தொட்டிகளை இலங்கைத் தமிழ் நாளிதழ்கள் எண்ணெய்க் குதங்கள் என்றே எழுதுகின்றன. குடோன் என்பதை ஆங்கிலம் என்று விலக்கி, அதற்கு ஈடாகக் கிடங்கு என்று எழுதுவோர், ஒரே சொல்லின் இரு வயதுகளைப் பயன்படுத்துகின்றனர்.

பேட்டையும் கிட்டங்கியும்

விருதுநகர் வட்டாரத்தில் கிட்டங்கியின் வரலாறு பேட்டையோடு தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்மாவட்ட உள்நாட்டு வணிகம் மாட்டுவண்டிகளையும் பொதிமாடுகளையும் நம்பியிருந்தது. வழியில் கொள்ளை அச்சம் இருந்தது. ஆகவே வணிகப் பாதைகளில் ஒரு நாள் பயணத் தொலைவுக்கு ஒன்றாக நாடார் வணிகர்கள் பேட்டைகளை அமைத்தனர். பேட்டை என்பது சுற்றுச்சுவர் உடைய வளாகம். உள்ளே வண்டிகள் நிற்க இடம், கிணறு, வணிகர்கள் தங்கும் இடம், சரக்கு வைக்கும் அறைகள் ஆகியவை இருந்தன. சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்கள் இந்த வணிகத்தின் மையங்களாக வளர்ந்தன.

பேட்டையைப் பயன்படுத்திய வணிகர்கள் தம் சரக்கின் அளவுக்கேற்ப ஒரு சிறு தொகையைப் பொதுநிதிக்குக் கொடுத்தனர். இதற்கு மகமை என்று பெயர். முதலில் பேட்டையின் பராமரிப்புக்கும் காவலுக்கும் பயன்பட்ட மகமை, பின்னர் கோயில், கிணறு, பள்ளிக்கூடம் ஆகியவற்றுக்கும் செலவிடப்பட்டது. காமராசர் பயின்ற விருதுநகர் க்ஷத்திரிய வித்யாசாலை இத்தகைய பொதுநிதியாலும், வீடுதோறும் எடுத்து வைக்கப்பட்ட பிடியரிசியாலும் வளர்ந்த பள்ளி.

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரால் இங்கிலாந்தின் ஆலைகளுக்குப் பஞ்சு கிடைக்காமல் போனபோது, கரிசல் நிலத்துப் பருத்திக்குப் பெரும் தேவை எழுந்தது. 1870களில் மதுரை-தூத்துக்குடி இருப்புப்பாதை வந்தபின் விருதுபட்டி என்ற ஊர் சரக்கு வந்து குவியும் இடமாயிற்று. 1923இல் அதன் பெயர் விருதுநகர் என மாற்றப்பட்டது. பருத்தியோடு மிளகாய் வற்றல், மல்லி, உளுந்து, துவரை, எள், கடலை, எண்ணெய் வகைகள் இங்கே மொத்த வணிகப் பொருள்களாயின.

இந்த வணிகத்தில் கிட்டங்கி சரக்கை வைக்கும் கட்டடமாக மட்டும் இருக்கவில்லை. விருதுநகரில் விளையாத பொருளுக்கு விருதுநகர் விலை சொல்ல முடிந்ததற்குக் காரணம் அங்கிருந்த இருப்பு. அறுவடைக் காலத்தில் வாங்கிக் கிட்டங்கியில் அடைத்து, வரத்து குறையும்போது வெளியே விடும் வணிகரிடம் சந்தையின் விலை இருந்தது. விருதுநகர் மார்க்கெட் நிலவரம் என்ற தலைப்பில் நாளிதழ்கள் வெளியிட்டுவரும் விலைப்பட்டியல் இந்த வலிமையின் தொடர்ச்சி. அதே காரணத்தால், இருப்பு வைப்பதும் பதுக்குவதும் ஒன்றா என்ற கேள்வியும் கிட்டங்கியைத் தொடர்ந்து வந்தது. தட்டுப்பாட்டுக் காலங்களில் அரசு அத்தியாவசியப் பண்டங்களுக்கு இருப்பு வரம்பு விதிப்பது இதனால்தான்.

விடுதலைக்குப் பின் அரசும் கிட்டங்கித் தொழிலில் இறங்கியது. 1957இல் மத்திய சேமிப்புக் கிடங்குக் கழகமும், 1958இல் தமிழ்நாடு சேமிப்புக் கிடங்கு நிறுவனமும் தொடங்கப்பட்டன. சிறு விவசாயியும் வாடகை கொடுத்து விளைபொருளை வைத்து, அதற்கான ரசீதை வங்கியில் ஈடாகக் காட்டிக் கடன் பெறலாம் என்பது இவற்றின் அடிப்படை. விலை ஏறும்வரை காத்திருக்கும் வசதி கிட்டங்கி உடையவருக்கு மட்டுமே இருந்த நிலையை மாற்றும் முயற்சி அது.

செட்டித் தெருக் கிட்டங்கிகள்

மலாய்க்குக் கூடாங் ஆகச் சென்ற சொல், 19ஆம் நூற்றாண்டில் கிட்டங்கி என்ற வடிவிலேயே மீண்டும் ஒருமுறை தென்கிழக்காசியாவுக்குச் சென்றது. இம்முறை கொண்டுசென்றவர்கள் நகரத்தார். சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவிலும் பினாங்கின் பினாங்குத் தெருவிலும் இருந்த அவர்களின் தொழிற்கூடங்கள் கிட்டங்கி எனப்பட்டன. மார்க்கெட் தெருவைத் தமிழர்கள் செட்டித் தெரு என்றே அழைத்தனர்.

இந்தக் கிட்டங்கிகளில் சரக்கு மூட்டைகள் இல்லை. நீண்ட கூடத்தின் இருபுறமும் பல வட்டித்தொழில் நிறுவனங்கள் வரிசையாக இடம் பிடித்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு சாய்வு மேசைப்பெட்டியும் கணக்கேடுகள் வைக்கும் அலமாரியும் மட்டுமே இருந்தன. பகலில் தொழில் நடந்த அதே இடத்தில் இரவில் பணியாளர்கள் பாய்விரித்துப் படுத்தனர். சரக்குக் கிடக்கும் இடம் என்ற பொருள் மாறி, பணமும் கணக்கும் மனிதர்களும் தங்கும் இடமாகக் கிட்டங்கி ஆயிற்று. 1970களின் இறுதியில் நகர மறுசீரமைப்பின்போது சிங்கப்பூர்க் கிட்டங்கிகள் இடிக்கப்பட்டன. சிங்கப்பூர்த் தமிழரின் நினைவில் அச்சொல் இன்று வட்டித்தொழிலையே குறிக்கிறது.

மேகசின்

மேகசின் என்ற சொல்லின் மூலம் அரபு மொழியின் மக்ஸன். சேமித்தல் என்ற பொருளுடைய வேரிலிருந்து பிறந்த இச்சொல் சரக்கறையைக் குறிக்கும். இதே வேரிலிருந்து வந்த கஸானா, பாரசீகம், உருது வழியாகத் தமிழில் கஜானா ஆனது. ஆகவே அரசின் கஜானாவும் சிவகாசியின் மேகசினும் உடன்பிறந்த சொற்கள்.

மத்தியதரைக் கடல் வணிகத்தில் அரபுச் சொல் இத்தாலிய மொழிக்கு மகட்சீனோ எனவும், பிரெஞ்சுக்கு மகசான் எனவும் சென்றது. ஸ்பானியரும் போர்ச்சுகீசியரும் அரபுச் சுட்டு முன்னொட்டையும் சேர்த்து அல்மசேன், அர்மசேம் என்றனர். பிரெஞ்சில் மகசான் கடையைக் குறிக்கும் சொல்லாயிற்று. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் துணி, பாத்திரம், அறைகலன் எனப் பல பொருள்களை ஒரே கூரையின்கீழ், ஒட்டிய விலையில் பேரமின்றி விற்கும் பெரும் கடைகள் தோன்றியபோது, அவற்றைப் பெரிய மகசான் என்றனர். 1852 முதல் அரிஸ்தீத் பூசிகோ வளர்த்தெடுத்த போன் மார்ஷே அவற்றுள் முன்னோடி. ரஷ்ய மொழியிலும் மகசீன் என்பது கடையே.

ஆங்கிலத்தில் இச்சொல் வேறு வழியில் சென்றது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே படைக்கலமும் வெடிமருந்தும் வைக்கும் இடம் என்ற பொருள் மேலோங்கியது. துப்பாக்கியில் தோட்டாக்கள் அடைக்கும் பகுதிக்கும் அதே பெயர் வந்தது. 1731இல் லண்டனில் எட்வர்ட் கேவ் தம் பருவ இதழுக்கு ஜென்டில்மன்ஸ் மேகசின் என்று பெயரிட்டார். பலவகைச் செய்திகளைச் சேமித்து வைத்த அறை என்ற பொருளில் இடப்பட்ட அப்பெயர், பின்னர் பருவ இதழ்களுக்கே பொதுப்பெயராயிற்று. தமிழிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்துள்ளது. நெல் வைக்கும் களஞ்சியம் அறிவு நூலுக்குப் பெயரானது. தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு 10 தொகுதிகளாக வெளியிட்ட பெருநூலின் பெயர் கலைக்களஞ்சியம்.

வெடிமருந்துச் சேமிப்பிடம் தனி விதிகளுக்கு உட்பட வேண்டும் என்ற எண்ணத்தைப் பெருவிபத்துகள் ஐரோப்பாவுக்குக் கற்பித்தன. 1769இல் இத்தாலியின் பிரெஷா நகரில் வெடிமருந்து வைக்கப்பட்டிருந்த இடத்தில் இடி விழுந்தது. நகரின் ஒரு பகுதி அழிந்தது. ஏறத்தாழ 3,000 பேர் இறந்ததாகச் சொல்லப்படுகிறது. அதைத் தொடர்ந்து 1772இல் இங்கிலாந்தின் பர்ஃப்ளீட் வெடிமருந்துக் கிடங்கைப் பாதுகாக்க லண்டன் ராயல் கழகம் அமைத்த குழுவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் இருந்தார். அக்குழுவின் பரிந்துரையால் அங்கே இடிதாங்கிகள் பொருத்தப்பட்டன. இன்று ஒவ்வொரு மேகசினின் மேலும் நிற்கும் இடிதாங்கியின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது.

இந்தியாவுக்கு இச்சொல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகளோடு வந்தது. 1857 மே 11 அன்று டெல்லியின் மேகசினை ஆங்கிலேயர் தாமே வெடித்துத் தகர்த்தது அப்போரின் தொடக்க நிகழ்வுகளில் ஒன்று. கொழும்பின் மகசின் சிறைச்சாலையின் பெயரிலும் இச்சொல் உள்ளது. தமிழில் இதற்கு வெடிமருந்துக் கிடங்கு என்ற பெயர் அமைந்தது. அரபுச் சொல்லின் பொருளைத் தமிழ்ச் சொல் இவ்வாறு ஏற்றுக்கொண்டது.

சிவகாசியின் மேகசின்கள்

1923இல் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். மழை குறைந்த, வறண்ட வானிலை தீக்குச்சிக்கு ஏற்றதாக இருந்தது. தீப்பெட்டியைத் தொடர்ந்து வண்ண மத்தாப்பும், பின்னர் வெடி வகைகளும் வந்தன. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒட்டுத்தாள் தேவைப்பட்டதால் அச்சுத்தொழிலும் வளர்ந்தது.

வெடிபொருள்களை ஒழுங்குபடுத்த 1884இல் வெடிபொருள் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1940இல் வந்த வெடிபொருள் விதிகளோடுதான் சிவகாசிப் பட்டாசுத் தொழில் உரிமம் பெற்ற ஆலைத்தொழிலாக வடிவம் பெற்றது. இவ்விதிகள் 1983இலும் 2008இலும் புதுப்பிக்கப்பட்டன. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு, உரிமம் வழங்கும் முதன்மை அமைப்பு. சிறிய அளவிலான ஆலைகளுக்கு மாவட்ட நிர்வாகம் உரிமம் தருகிறது. மேகசின் என்ற சொல் இந்த விதிகளோடு சிவகாசியின் அன்றாடப் பேச்சுக்குள் நுழைந்தது.

பட்டாசு ஆலை ஒரே கட்டடம் அன்று. மருந்துக் கலவை அறை, மருந்து செலுத்தும் அறை, உலர்த்தும் மேடை, திரி வைக்கும் அறை, கட்டும் அறை எனச் சிறு அறைகள் ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு அமைந்திருக்கும். சேமிப்புக்கான கட்டடங்கள் இவற்றிலிருந்து மேலும் தள்ளி நிற்கும். ஓரிடத்தில் தீப்பற்றினால் அது மற்றோரிடத்துக்குத் தாவாதிருக்க இந்த இடைவெளி. கரிசல் வெளியில் சுற்றிலும் வெறும் நிலம் கிடக்க, இடிதாங்கியோடு தனித்து நிற்கும் கட்டடத்தைப் பார்க்கும் வெளியூரார், இவ்வளவு இடம் வீணாகக் கிடக்கிறதே என்று எண்ணுவதுண்டு. அந்த வெற்று நிலமும் மேகசினின் பகுதியே.

பாதுகாப்புத் தூரம் எத்தனை என்பது உள்ளே வைக்கப்படும் வெடிபொருளின் வகை, எடை, அருகில் இருப்பது வீடா சாலையா இருப்புப்பாதையா, இடையே மண்மேடு உள்ளதா என்பவற்றைப் பொறுத்தது. வெடிப்பின் அழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குத் தணியும் தூரம், வெடிபொருள் எடையின் கனமூலத்துக்கேற்பக் கூடும். எடை எட்டு மடங்கானால் தூரம் இரு மடங்காக வேண்டும். உரிமத்தில் எழுதப்பட்ட அளவுக்கு மேல் இருப்பு வைக்கும்போது கட்டடம் மாறுவதில்லை. ஆனால் அதைச் சுற்றி விடப்பட்ட தூரம் போதாததாகி விடுகிறது.

மேகசினுக்குள் வேறு பொருள்கள் வைப்பதில்லை. திறந்த விளக்கு, தீப்பொறி தரும் இரும்புக் கருவி ஆகியவற்றுக்கு இடமில்லை. வரவும் செலவும் இருப்பும் ஏட்டில் பதியப்பட வேண்டும். இடிதாங்கி காலந்தோறும் சோதிக்கப்பட வேண்டும்.

பெயர் மாறினால் வரும் இடர்

சிவகாசியில் ஆடிப்பெருக்கு நாளில் பூசையோடு தீபாவளி விற்பனை தொடங்குகிறது. அதன்பின் சரக்கு ஆலையிலிருந்து மேகசினுக்கும், அங்கிருந்து கடைகளுக்கும், லாரி அலுவலகங்களுக்கும் நகரத் தொடங்கும். ஆண்டின் பெரும்பகுதி செய்த சரக்கு சில வாரங்களில் விற்றாக வேண்டும். உரிமம் பெற்ற சேமிப்பிடத்தின் கொள்ளளவு நிலையானது. பருவத்தில் குவியும் சரக்கு அப்படியன்று. எஞ்சிய பெட்டிகளுக்கு ஓர் இடம் தேவைப்படும்போது, பருத்திக்கும் மல்லிக்கும் கட்டப்பட்ட சாதாரணக் குடோன் கண்ணில் படுகிறது. வெளியே இருந்து பார்க்க இரண்டும் பூட்டிய கட்டடங்களே. ஆனால் முன்னதைச் சுற்றி அளந்து விடப்பட்ட நிலம் உண்டு. பின்னதைச் சுற்றி வீடுகளும் கடைகளும் உண்டு.

2016 அக்டோபர் 20 அன்று, தீபாவளிக்கு ஒன்பது நாள் முன்பு, சிவகாசி நகரில் பட்டாசு ஏற்றி இறக்கிய இடம் ஒன்றில் தீப்பற்றியது. புகை அருகிலிருந்த ஸ்கேன் மையத்துக்குள் புகுந்தது. மருத்துவப் பரிசோதனைக்காக வந்திருந்தவர்களும் அங்கே பணியாற்றியவர்களும் மூச்சுத் திணறி இறந்தனர். பட்டாசுத் தொழிலோடு எத்தொடர்பும் இல்லாதவர்கள் அவர்கள். வெடிபொருளுக்கும் மக்களுக்கும் இடையே வெற்று நிலம் ஏன் வேண்டும் என்பதற்கு அந்நிகழ்வு துயரமான விளக்கமாயிற்று.

ஆலைகளுக்குள்ளும் இதே சிக்கல் உண்டு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அத்தகைய விபத்துகளுக்குப் பின் நடக்கும் விசாரணைகளில், அளவுக்கு மேலான இருப்பு, மரத்தடியிலும் நடைபாதையிலும் வைக்கப்பட்ட சரக்கு, மீந்த மருந்தைக் கலவை அறையிலேயே விட்டுச் சென்றது போன்ற காரணங்கள் மீண்டும் மீண்டும் எழுகின்றன. இவை அனைத்தும், சேமிக்கும் இடம் அல்லாத ஓரிடம் சேமிப்பிடமாக மாறிய நிகழ்வுகளே. ஈரம் பட்ட அலுமினியப் பொடிக் கலவை தானே சூடேறக்கூடியது என்பதால், மீந்த மருந்தை மறுநாளுக்கு வைப்பது மிகவும் ஆபத்தானது.

நாளிதழ்கள் பெரும்பாலும் இவை எல்லாவற்றையும் பட்டாசு குடோன் என்ற ஒரே சொல்லால் எழுதுகின்றன. உரிமம் பெற்று விதிப்படி நிற்கும் மேகசினும், கடைக்குப் பின்னாலுள்ள அறையும், பதுக்கி வைத்த வீடும் வாசகருக்கு ஒன்றுபோலத் தோன்றிவிடுகின்றன. சிவகாசித் தொழிலாளரின் பேச்சில் இந்தக் குழப்பம் இல்லை. தீப்பெட்டி, காகிதம், அட்டை வைப்பது குடோன், சரக்கு வைப்பது மேகசின் என்பது அவர்களின் வழக்கு.

இன்றைய வழக்கு

இன்று கிட்டங்கி என்ற சொல் தென்மாவட்டங்களின் பழைய மொத்த வணிகத் தெருக்களிலும், பத்திரங்களிலும், மூத்த வணிகர்களின் பேச்சிலும் எஞ்சியுள்ளது. இளைய தலைமுறையினர் குடோன் என்கின்றனர். இணைய வணிக நிறுவனங்களின் பெருஞ்சேமிப்பிடங்களுக்கு வேர்ஹவுஸ் என்ற ஆங்கிலச் சொல் அப்படியே வழங்குகிறது. அரசு அறிவிப்புகளில் கிடங்கு நிலைபெற்றுள்ளது.

அகழியாக இருந்தபோது பகைவரிடமிருந்தும், பேட்டையின் சுவருக்குள் இருந்தபோது கொள்ளையரிடமிருந்தும், துறைமுகங்களில் செங்கல் அறையாக நின்றபோது தீயிலிருந்தும் உள்ளே இருப்பதைக் காப்பது கிடங்கின் பணியாக இருந்தது. சிவகாசியின் மேகசினில் மட்டும் அப்பணி திசை மாறியுள்ளது. அங்கே காக்கப்பட வேண்டியவர்கள் வெளியே இருக்கின்றனர்.